இடைவேளை விடாத காலம்

(மாவட்ட மைய நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே ‘வெகுஜனக் கலையும் இன்றைய வாழ்வும்’ என்று போட்டிருக்கிறார்கள். அச்சில் பார்த்ததும் எனக்கே கொஞ்சம் பயம் வந்துவிட்டது. அவ்வளவு பெரிய மூட்டையைத் தூக்க எனக்குத் தெம்பு கிடையாது. மூட்டையை அவிழ்த்து அதிலிருந்து ஒரே ஒரு முறுக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முறுக்கு என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. நான் முறுக்கு விற்றவன்.

வேடசந்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். ஊருக்கு வெளியே, குளத்தங்கரையை ஒட்டி ஒரு டூரிங் டாக்கீஸ் இருந்தது. கீற்றுக் கொட்டகை. சாயங்காலம் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு குழாய் ஸ்பீக்கரில் கேட்டால் டிக்கெட் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். தரை, பெஞ்சு, சேர் என்று மூன்று வகுப்பு. தரை என்றால் மணல். முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் மணலைக் குவித்து அதன்மேல் ஏறி உட்காரலாம். பின்னால் இருப்பவர் அதைவிட உயரமாகக் குவிப்பார். கடைசி வரிசைக்காரர் கிட்டத்தட்ட மலையேறிவிடுவார். என் அம்மா முறுக்கு சுட்டுக் கொடுப்பார். அண்ணனும் நானும் தட்டில் வைத்துத் தலையில் சுமந்து போய் விற்போம். 1971, 72 காலம். எனக்கு ஒன்பது பத்து வயது.

முறுக்குப் பையனுக்கு டிக்கெட் கிடையாது. தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓரமாக நின்று படம் பார்க்கலாம். ஆனால் ஒரு கணக்கு உண்டு. விளக்கு எரிகிற நொடியில் நான் தட்டோடு தரை டிக்கெட்டுக்கு நடுவில் நிற்க வேண்டும். அதற்கு இரண்டு நிமிடம் முன்பே வெளியே ஓடி, துணியை விலக்கி, முறுக்கை அடுக்கி, சில்லறையை டவுசர் பைக்குள் போட்டுத் தயாராக வேண்டும். ஆபரேட்டர் அண்ணன் கேபின் சுவரில் இரண்டு தட்டு தட்டுவார். அதுதான் எங்களுக்கு சைகை. ஆக, நான் அந்தக் கொட்டகையில் நூறு படத்துக்கு மேல் பார்த்திருக்கிறேன். ஒரு படத்திலும் இடைவேளைக்கு முந்தைய காட்சியைப் பார்த்ததில்லை. எங்கள் கொட்டகையில் இடைவேளையும் ஒன்றல்ல, மூன்று. ஒவ்வொரு படத்திலும் எனக்கு மூன்று ஓட்டை.

ஏன் மூன்று என்று இளையவர்கள் கேட்கலாம். சொல்கிறேன். 35 எம்.எம். படச்சுருளில் 1,000 அடி ஓடினால் 11 நிமிடம். மூன்று மணி நேரப் படம் என்றால் பதினாறு, பதினேழு ரீல். பட்டணத்துத் தியேட்டரில் இரண்டு புரொஜக்டர் இருக்கும். ஒன்றில் சுருள் முடியும்போது திரையின் வலது மேல்மூலையில் ஒரு புள்ளி மின்னும், ஆபரேட்டர் அடுத்த மெஷினைத் தட்டிவிடுவார், பார்க்கிறவனுக்குத் தெரியாது. எங்களிடம் இருந்தது ஒரே மெஷின். சுருள்களை ஒட்டி எவ்வளவு பெரிய சக்கரத்தில் சுற்றினாலும் ஓர் இடத்தில் நிறுத்தித்தான் ஆக வேண்டும். கார்பன் குச்சியும் தேய்ந்திருக்கும், அதையும் மாற்ற வேண்டும். அப்போது மஞ்சள் பல்பு எரியும். நான் “முறுக்கே” என்று கத்துவேன்.

ஆக, இடைவேளையைக் கண்டுபிடித்தவர் கலைஞரும் இல்லை, அழகியல்வாதியும் இல்லை. மெஷினுக்கு இருந்த ஒரு ஊனத்தில் பிறந்தது அது. 1905இல் திருச்சி ரயில்வே குமாஸ்தா சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டரை விலைக்கு வாங்கி, கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினாரே, அப்போது அவர் காட்டியவை துண்டுத் துண்டுப் படங்கள். ஒன்று முடிந்து அடுத்ததைப் பூட்டும்வரை சனங்கள் இருட்டில் பேசிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். 1914இல் கோயம்புத்தூரில் அவர் வெரைட்டி ஹாலைக் கட்டிக் கல் கட்டடத்துக்குள் போன பிறகும் அந்தப் பேச்சு நின்றிருக்காது என்பது என் ஊகம். நம் ஆட்களை எனக்குத் தெரியும்.

அந்தப் பேச்சைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

முறுக்குத் தட்டோடு நடப்பவனுக்கு எல்லாப் பேச்சும் காதில் விழும். முதலில் படத்தைப் பற்றி. “இவன்தான் அவளோட அண்ணன், பாத்துக்கிட்டே இரு” என்பார் ஒருவர். பக்கத்து ஊரில் ஏற்கெனவே பார்த்தவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர் முழுக்கதையையும் சொல்வார். யாரும் அவரைத் திட்டியதில்லை, பீடி கொடுத்துக் கேட்பார்கள். பிறகு மாட்டுச் சந்தை, கடன், பெண் பார்க்கிற விஷயம். இரண்டு குடும்பத்தார் கொட்டகையில் பெண்ணைக் காட்டிச் சம்மதம் சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி கண்டார். அடுத்த வாரமே எங்கள் கொட்டகை இடைவேளையில் டீக்கடை வரிசை இரண்டாகப் பிரிந்துவிட்டது. அண்ணன் ஒரு வரிசை, நான் ஒரு வரிசை. எங்கள் வீட்டு முறுக்கு மட்டும் கட்சி சேரவில்லை.

படம் ஓடும்போது இருட்டில் நாங்கள் தனித்தனி ஆட்கள். விளக்கு எரிந்ததும்தான் ஊர். அந்தப் பத்து நிமிடத்தில்தான் படம் எங்களுடையதாக மாறியது என்று இப்போது தோன்றுகிறது. பார்த்ததை ஒருவருக்கொருவர் சொல்லி, மறுத்து, மிச்சத்தை ஊகித்து, தப்பாக ஊகித்து. தப்பாக ஊகித்தவரைப் படம் முடிந்து வீட்டுக்கு நடந்து போகும்போது ஓட்டுவார்கள்.

நம் சினிமாக்காரர்கள் கெட்டிக்காரர்கள். மெஷினின் ஊனத்தை எடுத்து இலக்கணம் ஆக்கிவிட்டார்கள். ஹாலிவுட்டிலும் இடைவேளை இருந்தது. 1939இல் ‘கான் வித் த விண்ட்’, 1962இல் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ ஆகிய படங்களின் பாதியில் மூச்சு விட்டார்கள். பிறகு கைவிட்டார்கள். 2024இல் ‘த புரூட்டலிஸ்ட்’ என்ற படத்துக்குள்ளேயே 15 நிமிட இடைவேளையை வைத்தபோது அதைப் பெரிய புதுமையாகப் பத்திரிகைகள் எழுதின. எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊரில் திரைக்கதை எழுத உட்காருகிற பையன் முதலில் கேட்கும் கேள்வியே “இன்டர்வல் பிளாக் என்ன?” என்பதுதான். கதை பிறகு வரும். 2022இல் வந்த ‘விக்ரம்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முகமூடிக்குப் பின்னால் யார் என்று இடைவேளையில் காட்டுகிறார்கள். முதல் பாதி முழுக்க அந்த ஒரு நிமிடத்தை நோக்கி நடந்து வருகிறது. “ஃபர்ஸ்ட் ஹாஃப் சூப்பர், செகண்ட் ஹாஃப் லேக்” என்று தியேட்டர் வாசலில் மைக்கில் சொல்கிறார்களே, அந்த வாக்கியமே இடைவேளை என்ற வரப்பு இருப்பதால்தான் சாத்தியம்.

அந்த வரப்பை மதிக்காமல் படம் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு நல்ல கதை இருக்கிறது. பார்த்திபன் 2022இல் ‘இரவின் நிழல்’ எடுத்தார். முழுப் படமும் ஒரே ஷாட். ஒரே ஷாட்டை எங்கே வெட்டி இடைவேளை போடுவது? வெட்டினால் ஒரே ஷாட் என்ற பெருமை போய்விடும். இடைவேளை விடாவிட்டால் கேன்டீன்காரர் சும்மா விடமாட்டார். பார்த்திபன் என்ன செய்தார் தெரியுமா? படம் எடுத்த விதத்தைப் பற்றி அரை மணி நேரம் போல முதலில் காட்டினார். அதற்குப் பிறகு இடைவேளை விட்டார். அப்புறம்தான் படம் ஆரம்பித்தது. இடைவேளைக்குப் பிறகு தொடங்கும் படம்! தமிழனைத் தவிர வேறு யாருக்கும் இந்தச் சிக்கலும் வந்திருக்காது, இந்தத் தீர்வும் தோன்றியிருக்காது.

அச்சிலும் இதே கதைதான். ‘தொடரும்’ என்ற ஒரு சொல் நம் வாரப் பத்திரிகைகளை எத்தனை ஆண்டு வாழவைத்தது. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் வாராவாரம் வந்தது. ஓர் இதழுக்கும் அடுத்த இதழுக்கும் நடுவே ஏழு நாள். ஒரு பிரதி நாலு வீட்டுக்குப் போகும். என் பெரியம்மா வீட்டில் அதைக் கிழித்துத் தைத்துப் பைண்டு செய்து வைத்திருந்தார்கள். கதையின் பின்பக்கத்தில் தலைவலித் தைல விளம்பரமும் சேர்ந்தே வரும். குந்தவை பேசிக்கொண்டிருக்கும்போதே தாளைத் திருப்பினால் தைலம். அதே கதையை மணிரத்னம் படமாக்கியபோது முதல் பாகம் 2022 செப்டம்பரில், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரலில். ஏழு நாள் ஏழு மாதமாயிற்று. அந்த ஏழு மாதமும் புத்தகம் படித்தவர்கள் படிக்காதவர்களை என்ன பாடு படுத்தினார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதற்கு முன்பு ‘பாகுபலி’. 2015 ஜூலையில் சத்யராஜ் கத்தியைச் செருகியதற்குக் காரணம் 2017 ஏப்ரலில்தான் தெரிந்தது. தேசம் முழுக்க ஒரே கொட்டகையில் இடைவேளையில் நின்ற மாதிரி இருந்தது அந்த இரண்டு வருடமும்.

சரி. இவ்வளவு இடைவேளைப் புராணம் பாடிவிட்டு நானே ஒரு மூச்சில் பேசிக்கொண்டு போனால் நியாயமாக இருக்காது. நூலகரிடம் முன்பே சொல்லிவைத்திருக்கிறேன். வெளியே டீயும் மெதுவடையும் தயாராக இருக்கின்றன. முறுக்கு கிடைக்கவில்லையாம். பத்து நிமிடம் போய் வாருங்கள்.

(இடைவேளை)

வந்துவிட்டீர்களா? பின்னால் இரண்டு நாற்காலி காலி. செகண்ட் ஹாஃப் சரியிருக்காது என்று போய்விட்டார்கள் போல.

நான் டீ குடிக்கவில்லை. பழக்க தோஷம், சும்மா நடந்துகொண்டே காதைக் கொடுத்தேன். ஓர் அம்மா, ஓய்வுபெற்ற ஆசிரியை, என்னைப் பிடித்துக்கொண்டார். “சார், நீங்க சொல்ற இடைவேளை எல்லாம் ஆம்பிளைங்க இடைவேளை” என்றார். “கொட்டகையில பொம்பளைங்க பக்கம் யாரு எந்திரிச்சுப் போனாங்க? போறதுக்கு இடம் எங்க இருந்தது? வீட்ல டிவி வந்தப்புறம் விளம்பரம் போட்டா உங்களுக்கு ஓய்வு. நான் அந்த மூணு நிமிஷத்துல சப்பாத்தி திரட்டுவேன். இப்ப போன்ல நானே நிறுத்திக்கறேன், நானே ஓட்டிக்கறேன். என் வாழ்க்கையிலயே முதல் இடைவேளை இதுதான்.”

எழுதி வைத்துக்கொண்டு வந்ததில் இரண்டு பக்கத்தை அங்கேயே மடித்துப் பையில் போட்டுவிட்டேன்.

அவர் சொன்னது உண்மை. என் அம்மாவுக்கு அந்த மூன்று இடைவேளைதான் வேலை நேரம். கொட்டகை வாசலில் அடுப்போடு உட்கார்ந்திருந்தார். அந்த நூறு படத்தில் ஒன்றைக்கூட அவர் உள்ளே வந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை. ‘சித்தி’ தொடர் 1999இல் சன் டிவியில் ஆரம்பித்தபோது வீடு வீடாகப் பெண்கள் விளம்பர நேரத்தை வைத்துச் சமையலைப் பங்குபோட்டார்கள். பிற்பாடு ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் போடக்கூடாது என்று விதியும் வந்தது. அந்த 12 நிமிடத்தில் ஒரு ரசம், ஒரு கூட்டு, பிள்ளையின் வீட்டுப்பாடம். அடுப்படியிலிருந்து “போட்டுட்டாங்களா?” என்று ஒரு குரல், கூடத்திலிருந்து “இன்னும் இல்ல, சோப்பு ஓடுது” என்று பதில். இந்த உரையாடலைப் பதிவு செய்துவைத்த ஆவணக் காப்பகம் எதுவும் இல்லை. இருந்திருக்க வேண்டும்.

ஆகவே நிறுத்துகிற பொத்தானை நான் குறை சொல்லப் போவதில்லை. அது அந்த ஆசிரியையின் கைக்கு வந்தது நல்லது. என் வழக்கு வேறு இடத்தில். பொத்தானை நம் கையில் கொடுத்தவர்கள், அதை நாம் அழுத்தாமல் இருப்பதற்கான எல்லா ஏற்பாட்டையும் கூடவே செய்துவிட்டார்கள்.

2006இல் ஆசா ராஸ்கின் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் ஒன்றை உருவாக்கினார். அதுவரை இணையத்தில் ஒரு பக்கம் முடிந்தால் ‘அடுத்த பக்கம்’ என்று கீழே இருக்கும், அழுத்த வேண்டும். அவர் அதை எடுத்துவிட்டார். விரலைத் தள்ளத் தள்ளக் கீழே வந்துகொண்டே இருக்கும். முடிவே இல்லை. பிற்பாடு அதற்காக வருத்தப்பட்டு வெளிப்படையாகப் பேசினார். 2012இல் நெட்ஃபிளிக்ஸ் ஒரு எபிசோடு முடிந்ததும் அடுத்ததைத் தானாகவே ஓட்டத் தொடங்கியது. அதை அணைத்துவைக்கும் வழியைப் பிற்பாடுதான் கொடுத்தது.  எங்கள் ஆபரேட்டர் ரீல் மாற்றுவதற்கு இவ்வளவு நேரம் எடுத்ததில்லை.

கவனியுங்கள், ‘அடுத்த பக்கம்’ என்ற அந்தச் சின்னச் சொல்லும் ஒரு மஞ்சள் பல்புதான். போதுமா, இன்னும் வேண்டுமா என்று அது கேட்டது. கேள்வியை எடுத்துவிட்டால் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

ரீல் என்ற சொல் பட்ட பாட்டைப் பாருங்கள். அந்தக் காலத்தில் அது 11 நிமிடம். பிறகு பொய்க்கு அந்தப் பெயர் வந்தது: ரீல் விடுகிறான் என்றோம், மாட்டிக்கொண்டால் ரீல் அந்துபோச்சு என்றோம். டிஜிட்டல் வந்து தியேட்டரில் ரீல் பெட்டி ஒழிந்தது. சைக்கிள் கேரியரில் ரீல் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு தியேட்டரிலிருந்து இன்னொரு தியேட்டருக்கு மிதிக்கிற ஆளும் ஒழிந்தார். அவர் வர லேட்டானால் இடைவேளை நீளும், எனக்கு வியாபாரம் கூடும். அவருக்குத் தனியாக இரண்டு முறுக்கு எடுத்துவைப்பேன். 2020இல் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. அப்போது 15 விநாடி. 11 நிமிட ரீலைச் சுற்ற ஒரு ஆள் வேண்டியிருந்தது, 15 விநாடி ரீலைச் சுற்ற நம் கட்டை விரல் போதும். இப்போது நாமே ஆபரேட்டர், நாமே தரை டிக்கெட்.

ஏதோ இளைஞர்களைத் திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். போன மாதம் ஒரு ராத்திரி. பத்தரைக்குப் படுத்தேன், தூக்கம் வரவில்லை, போனை எடுத்தேன். ஒருவர் இளநீரை மூன்றே வெட்டில் சீவுகிறார். அடுத்து ஒருவர் பழைய பித்தளை அண்டாவைப் புளி போட்டுத் தேய்க்கிறார். அண்டா பளபளக்கும்வரை பார்த்தேன். பிறகு ஒரு யானை. மணி பார்த்தபோது ஒன்றேகால். மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு முழுப்படம். என்ன பார்த்தேன் என்று மறுநாள் மனைவி கேட்டாள். அண்டாவைத் தவிர ஒன்றும் நினைவில் இல்லை. முறுக்குத் தட்டுக்காக ஓட்டை விழுந்த அந்தப் படங்கள் ஐம்பது வருடம் கழித்தும் காட்சி காட்சியாகச் சொல்ல வருகின்றன.

ஓடிடியில் நீண்ட நேரம் கையை அசைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால், ‘இன்னும் பார்க்கிறீர்களா?’ என்று ஒரு கேள்வி வரும். கொட்டகையில் இரண்டாம் ஆட்டம் முடிந்து கூட்டுகிற பெரியவர் மணலில் தூங்கிப்போனவனை விளக்குமாற்றுக் கட்டையால் லேசாகத் தட்டி எழுப்புவார். “எந்திரிப்பா, படம் முடிஞ்சு போச்சு, வீட்டுக்குப் போ.” அவருக்கு நம்மேல் ஒரு கரிசனம் உண்டு; கொட்டகையைப் பூட்ட வேண்டிய அவசரமும் உண்டு. இந்தக் கேள்விக்கு அந்த அவசரம் இல்லை. ஆமாம் என்றால் தொடர்ந்து ஓடும்.

இதைவிட என்னைத் தொந்தரவு செய்வது இன்னொன்று. எங்கள் வீட்டில் தொடர் பார்க்கிறவர்கள் நான்கு பேர். ஒரே கணக்கு, ஒரே தொடர். மகன் ஆறாவது எபிசோடு, மருமகள் மூன்றாவது, பேத்தி எல்லாம் முடித்துவிட்டாள், நான் முதல் எபிசோடின் பாதியில். சாப்பாட்டு மேசையில் அந்தத் தொடரைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் மற்ற மூவரும் காதைப் பொத்திக்கொண்டு “சொல்லாதீங்க, சொல்லாதீங்க” என்கிறோம். ஸ்பாய்லர் என்று அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். முழுக்கதை சொல்பவருக்குப் பீடி கொடுத்த காலத்திலிருந்து வந்தவன் நான். ஒரே கதையை நான்கு பேரும் பார்க்கிறோம், அதைப் பற்றிப் பேச மட்டும் முடியாது. எல்லோரும் பார்த்து முடிக்கும்போது பேத்திக்குக் கதை மறந்துவிடுகிறது.

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் ஏதோ புனிதம் பேசுகிறேன் என்று ஆகிவிடும். இன்றைக்கும் தியேட்டரில் இடைவேளை பிழைத்திருப்பது பாப்கார்னால்தான். டிக்கெட்டுக்கு அடுத்த பெரிய வருமானம் அது. கிரண் ராவ் 2011இல் ‘தோபி காட்’ படத்தை இடைவேளை இல்லாமல் வெளியிட்டார். அப்படிச் செய்ய எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? ஹாலிவுட் படம் இங்கே வந்தால் கதாநாயகன் வாயைத் திறந்து வார்த்தை வருவதற்குள் கத்தரித்து விளக்கைப் போட்டுவிடுகிறார்கள். கிரிக்கெட்டில் ஐபிஎல்காரர்கள் 2009இல் ‘ஸ்ட்ராட்டஜிக் டைம் அவுட்’ கொண்டுவந்தார்கள். வியூகம் வகுக்க என்று பெயர். இப்போது ஒவ்வொன்றும் இரண்டரை நிமிடம்; அதற்குள் எத்தனை விளம்பரம் ஓடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். முறுக்கு வியாபாரிதான் எப்போதும் இடைவேளையைக் காப்பாற்றியவன். என் அம்மாவின் வியாபாரத்தைச் சொல்லிவிட்டு அடுத்தவன் வியாபாரத்தை நான் இளக்காரமாகப் பேச முடியாது.

வேலையிலும் இதே கதை. 2025 வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, ஒரு தொழிலாளியைத் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, நடுவில் குறைந்தது அரை மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று சொன்னது. அந்தச் சட்டத்தின் ஆங்கில வாசகத்தில் இதற்கும் இன்டர்வல் என்ற அதே சொல்தான். ஆலைச் சங்கு ஊதினால் தூக்குவாளியைத் திறப்பார்கள். தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி கொடுக்க வேண்டும் என்று சட்டத்தைத் திருத்த 2021 வரை ஆயிற்று. ஜவுளிக்கடை ஊழியர்களைப் பற்றிய ‘அங்காடித் தெரு’ படம் வந்து பதினோரு வருடம் கழித்து. சரி, உட்கார்ந்தாயிற்று. இப்போது அந்த அரை மணி நேரத்தில் என்ன நடக்கிறது? எங்கள் தெரு முனையில் உணவு கொண்டுபோகும் பையன்கள் அடுத்த ஆர்டருக்காக வண்டிமேல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஐந்து பேர், ஐந்து போன். ஆர்டர் வந்தால் அதே போன்தான் கூப்பிட வேண்டும், அதைக் கீழே வைக்க முடியாது. ஓய்வும் வேலையும் ஒரே கண்ணாடிக்குள் இருக்கின்றன. அவர்களிடம் போய் “பேசிக்கொள்ளுங்கள் தம்பி” என்று புத்தி சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இடைவேளையே இல்லாத கலை நம்மிடம் இல்லையா என்று ஒரு தம்பி டீ குடிக்கும்போது கேட்டார். நல்ல கேள்வி. இருக்கிறது. திருவண்ணாமலைப் பக்கம் நான் சில ஆண்டு வேலை பார்த்தேன். அங்கே தெருக்கூத்து ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கினால் விடிய விடிய. யாரும் விளக்கைப் போட்டு இடைவேளை என்று சொல்வதில்லை. பாதிப் பேர் பாயைப் போட்டுத் தூங்குகிறார்கள். கர்ணன் சண்டைக்குக் கிளம்பும்போது பாட்டி பேரனை உலுக்கி எழுப்புகிறாள். எழுப்பவும் ஆள் இருந்தது, தூங்கவும் கூத்து விட்டது. நடுவில் கட்டியங்காரன் வந்து ஊர் நாட்டாண்மையைக் கிண்டல் செய்வான், அதுவே ஓர் இடைவேளை. கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் மார்கழி ரசிகர்கள் கேன்டீனுக்குக் கிளம்புகிறார்களே, மிருதங்கக்காரர்கள் வயிறெரிந்தாலும் அதுவும் அந்த வகைதான். ஆனால் கூத்துக்கு ஒரு விடியல் உண்டு. வெயில் ஏறினால் முகத்து அரிதாரம் வழியும், ஆட முடியாது.

கடைசியாக ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நான் பார்க்காமல் விட்ட அந்தக் காட்சிகளைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ரிட்டயர் ஆன பிறகு ஒவ்வொன்றாகத் தேடினேன். பெரும்பாலும் யூடியூபில் இருக்கின்றன. போன வாரம் ஒரு படம். பெயர் சொல்லமாட்டேன், பார்க்காதவர்கள் இருப்பீர்கள். அதில் ஒரு காட்சிக்காக எத்தனையோ வருடம் காத்திருந்தேன். அண்ணன் வாயால் கேட்டுக் கேட்டு என் மனசுக்குள் அது பெரிய சண்டையாக வளர்ந்திருந்தது. வந்தது. சண்டையே இல்லை. ஒரு பெண் கதவைச் சாத்துகிறாள், அவ்வளவுதான். அண்ணனும் வெளியே என்னோடுதானே ஓடி வந்திருப்பான், அவன் எங்கே பார்த்தான்!

கதவு சாத்தியதும் திரையில் ‘இடைவேளை’ என்று எழுத்து வந்தது. பழைய பிரிண்டை அப்படியே ஏற்றியிருக்கிறார்கள், அந்த அட்டையை வெட்டவில்லை. இரண்டு விநாடி. உடனே அடுத்த காட்சி ஓட ஆரம்பித்துவிட்டது. நான் பார்த்தால், எழுந்து நின்றுகொண்டிருக்கிறேன். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். படத்தை நிறுத்தவும் தோன்றவில்லை. அது பாட்டுக்குக் கட்டிலில் கிடந்த போனில் ஓடிக்கொண்டிருந்தது. அடுப்படிக்குப் போய் டப்பாவைத் திறந்தேன். மூன்று முறுக்கு இருந்தது. கடை முறுக்கு.

காவலர் சாவியோடு வாசலில் நிற்கிறார். எட்டு மணிக்குப் பூட்ட வேண்டுமாம்.